அடுத்த குழந்தைக்கான ஊசி

முதல் குழந்தை எந்தக் குறையும் இல்லாமல் பிறக்கும். இரண்டாவது, பிறந்த சில மணி நேரத்திலேயே உடல் மஞ்சள் பூத்துவிடும், பிழைத்தால் உண்டு. மூன்றாவது வயிற்றிலேயே இறந்து, உடல் முழுக்க நீர் கோத்து வீங்கிப் பிறக்கும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி வரை உலகின் பல பகுதிகளில் சில குடும்பங்கள் இந்த வரிசையில் பிள்ளைகளை இழந்துகொண்டிருந்தன. தாய் திடகாத்திரமாக இருப்பாள். அவளிடம் எந்த நோயின் அறிகுறியும் தெரியாது. மூத்த பிள்ளை வாசலில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். பிறகு மற்றவை ஏன் தங்கவில்லை என்று கேட்டால் மருத்துவர்களிடம் பதில் இருக்காது.

பொதுவாகத் தலைப்பிரசவம்தான் கஷ்டம் என்பார்கள். இங்கே அது தலைகீழாக இருந்தது. தலைப்பிரசவம் சுகமாக முடிந்தது. அதற்கடுத்த ஒவ்வொரு கர்ப்பமும் முந்தையதைவிட மோசமானது. நோயின் ரகசியம் முழுவதும் அந்த வரிசையில்தான் இருந்தது. ஆனால் அதைப் படித்தறிய முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1609-லேயே பிரெஞ்சு மருத்துவச்சி லூயிஸ் பூர்ஷுவா ஓர் இரட்டைப் பிரசவத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு குழந்தை நீர் கோத்து வீங்கி உடனே இறந்தது. மற்றது மஞ்சள் பூத்துச் சில நாட்களில் இறந்தது. ஒரே வயிற்றில் கிடந்த இரண்டு குழந்தைகளிடம் இரு வேறு நோய்களைப் போலத் தெரிந்தது ஒரே நோய்தான் என்று 1932-இல்தான் பாஸ்டனில் லூயிஸ் டயமண்டும் அவருடைய சகாக்களும் நிறுவினார்கள். வீக்கம், மஞ்சள்காமாலை, ரத்தசோகை மூன்றுக்கும் அடியில் இருந்தது ஒன்றுதான்: குழந்தையின் சிவப்பணுக்கள் அழிந்துகொண்டிருந்தன. அழிவதை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜையும் கல்லீரலும் மண்ணீரலும் முதிராத அணுக்களையெல்லாம் அவசர அவசரமாக ரத்தத்துக்குள் அனுப்பிக்கொண்டிருந்தன.

அழிப்பது எது?

இந்தக் கேள்விக்குச் சரியான திசையில் முதல் அடி வைத்தவர் சிகாகோவைச் சேர்ந்த நோய்க்கூறியல் மருத்துவர் ரூத் டாரோ. அவர் தன் சொந்தக் குழந்தையை இந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். 1938-இல் அவர் எழுதிய கட்டுரை, அதுவரை சொல்லப்பட்ட விளக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, எதுவும் அந்தத் தலைகீழ் வரிசைக்குப் பொருந்தவில்லை என்று காட்டியது. குழந்தையிடம் இருக்கும், தாயிடம் இல்லாத ஏதோ ஒன்றுக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப்போய்க் குழந்தையைத் தாக்குகிறது என்றார். அந்த ‘ஏதோ ஒன்று’ கருவின் ஹீமோகுளோபினாக இருக்கலாம் என்ற அவருடைய ஊகம் மட்டும் தவறிப்போயிற்று. மற்றதெல்லாம் சரி. தன் துக்கத்தை இவ்வளவு தெளிவான தர்க்கமாக மாற்றிக்காட்டிய அவரை மருத்துவ வரலாறு போதுமான அளவு நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பது என் ஆதங்கம்.

அடுத்த ஆண்டே ஆதாரம் கிடைத்தது. நியூயார்க்கில் 25 வயதுப் பெண் ஒருவருக்கு இரண்டாவது குழந்தை இறந்து பிறந்தது. ரத்தப்போக்கு அதிகமாக இருந்ததால் கணவரின் ரத்தத்தை ஏற்றினார்கள். இருவரும் ‘ஓ’ பிரிவு. அன்றைய அறிவின்படி அதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் ஏற்றியதும் அந்தப் பெண்ணுக்குக் குளிரும் நடுக்கமும் வலியும் வந்தன. ஃபிலிப் லெவினும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் அவருடைய ரத்த நீரை எடுத்து, ‘ஓ’ பிரிவைச் சேர்ந்த 104 பேரின் ரத்தத்தோடு கலந்து பார்த்தார்கள். அதில் 80 பேரின் ரத்தம் திரிந்த பால்போலத் திரிதிரியாகக் கட்டிக்கொண்டது. கணவரின் ரத்தமும் அப்படித்தான். ஏ, பி என்ற பிரிவுகளுக்கு அப்பால் இன்னொரு பொருள் சிவப்பணுக்களில் இருக்கிறது. அது தந்தையிடமிருந்து குழந்தைக்குப் போய், குழந்தையிலிருந்து தாயின் ரத்தத்துக்குள் நுழைந்து அவளைத் தூண்டியிருக்கிறது என்று இருவரும் எழுதினார்கள். தாங்கள் கண்டுபிடித்த பொருளுக்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை.

பெயர் வேறிடத்திலிருந்து வந்தது. 1900-க்கும் 1901-க்கும் இடையில் வியன்னாவில் ரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்து, அதற்காக 1930-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் லாண்ட்ஸ்டைனர் இப்போது நியூயார்க்கில் இருந்தார். அவரும் அலெக்சாண்டர் வீனரும் ரீசஸ் குரங்கின் சிவப்பணுக்களை முயல்களுக்குச் செலுத்தி எதிர்ப்பொருள் தயாரித்தார்கள். அது அந்நகரத்து வெள்ளையரில் சுமார் 85 சதவீதம் பேரின் ரத்தத்தைக் கட்டியாக்கியது. 1940-இல் இதை வெளியிட்டு, ‘ஆர்எச்’ காரணி என்றார்கள். அந்த முயல் எதிர்ப்பொருள் பிடித்தது சற்றே வேறான ஒரு பொருளை என்பது பின்னாளில் தெரியவந்தது. அதற்குள் பெயர் ஊன்றிவிட்டது. இன்று நாம் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று சொல்வது ‘டி’ என்ற ஒரே ஒரு புரதம் சிவப்பணுவின் மேல்தோலில் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான்.

ரத்தப் பிரிவுப் பரிசோதனையை அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வெள்ளைப் பலகையிலோ கண்ணாடித் துண்டிலோ மூன்று சொட்டு ரத்தம். ஒன்றில் நீல நிற மருந்து, அது ஆன்டி-ஏ. அடுத்ததில் மஞ்சள் நிறம், ஆன்டி-பி. மூன்றாவது தண்ணீர்போல நிறமற்றது, ஆன்டி-டி. குச்சியால் கலக்கிப் பலகையை லேசாகச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுவார்கள். சில நொடிகளில் எந்தச் சொட்டு மணல்மணலாகப் பிரிகிறதோ அந்தப் பொருள் உங்கள் ரத்தத்தில் இருக்கிறது. மூன்றாவது சொட்டு கடைசிவரை சீராகச் சிவந்தே இருந்தால் நீங்கள் ஆர்எச் நெகட்டிவ். அதில் உடலுக்கு ஒரு குறையும் இல்லை. முதலாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு இல்லாமலோ வேலை செய்யாமலோ இருக்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பியரில் சுமார் 15 சதவீதம் பேர் இப்படி. ஸ்பெயினின் பாஸ்க் மக்களிடையே இது மிக அதிகம். சீனாவிலும் ஜப்பானிலும் நூற்றில் ஒருவரைக்கூடக் காண்பது அரிது. இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர்.

தாய் நெகட்டிவ், தந்தை பாசிட்டிவ் என்றால் மட்டுமே இந்த அத்தியாயத்தின் கதை அங்கே நடக்க வழியுண்டு. தாய் பாசிட்டிவ் என்றால் தந்தை எதுவாக இருந்தாலும் டி-யைப் பற்றிக் கவலையில்லை. இருவருமே நெகட்டிவ் என்றால் குழந்தையும் நெகட்டிவ்தான். தந்தை தன் பெற்றோர் இருவரிடமிருந்தும் டி மரபணுவைப் பெற்றவர் என்றால் எல்லாக் குழந்தைகளும் பாசிட்டிவ். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இனி அந்தத் தலைகீழ் வரிசைக்கு வருவோம். கர்ப்பம் முழுவதும் தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை. நஞ்சு இரண்டையும் பிரித்துவைக்கிறது. பிரசவத்தின்போது நஞ்சு பிரியும் நேரத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் நாளங்களுக்குள் போய்விடுகிறது. ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான அளவுகூடப் போதும். டி புரதத்தை முன்பின் பார்த்திராத தாயின் எதிர்ப்பாற்றல் அதை அந்நியம் என்று கொள்கிறது. முதலில் உருவாவது ஐஜிஎம் என்ற பெரிய மூலக்கூறு; வாரக்கணக்கில் ஆகும், வலுவும் குறைவு, நஞ்சைத் தாண்டவும் அதனால் முடியாது. அதற்குள் குழந்தைதான் பிறந்து தொட்டிலுக்குப் போய்விட்டதே! ஆகவே முதல் குழந்தை தப்பிக்கிறது. ஆனால் தாயின் உடல் டி-யை நினைவில் வைத்துக்கொள்கிறது, வாழ்நாள் முழுக்க.

அடுத்த பாசிட்டிவ் குழந்தை கருவில் வளரும்போது மிகச் சொற்பமான ரத்தம் கசிந்தால் போதும், இம்முறை ஐஜிஜி என்ற சிறிய எதிர்ப்பொருள் விரைந்து பெருகுகிறது. இயற்கை, பச்சிளங்குழந்தையைத் தொற்றுநோய்களிலிருந்து காப்பதற்காக ஐஜிஜி-யை மட்டும் நஞ்சின் வழியே குழந்தைக்குக் கடத்திவிடும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது. அம்மை போன்ற நோய்களிலிருந்து காக்கும் அதே வழியாகத்தான் இந்தக் கேடும் உள்ளே போகிறது. போன எதிர்ப்பொருள் குழந்தையின் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ள, மண்ணீரல் அவற்றைப் பிடித்து அழிக்கிறது. ரத்தசோகை முற்றி இதயம் தளர்ந்தால் உடலெங்கும் நீர் கோக்கிறது.

உடையும் சிவப்பணுக்களிலிருந்து பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி வெளியேறுகிறது. வயிற்றில் இருக்கும்வரை அதை நஞ்சு வாங்கித் தாயிடம் தள்ளிவிடும். தாயின் கல்லீரல் அதைக் கழித்துவிடும். அதனால் பிறக்கும் நொடியில் குழந்தை மஞ்சளாக இருப்பதில்லை. தொப்புள்கொடியை அறுத்தபின் தன் பொறுப்பு தன்னிடம் வந்துவிட, முதிராத கல்லீரலால் அது முடியாமல் மணிக்கு மணி மஞ்சள் ஏறுகிறது. அளவு மீறினால் நிறமி மூளையில் படிந்துவிடும். உயிர் பிழைத்தாலும் செவிப்புலன் இழப்பும் கை கால் இயக்கக் கோளாறும் நிலைத்துவிடலாம். பிறந்த மூன்றாம் நாள் வரும் சாதாரணக் காமாலையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தால் அது எப்போதும் அவசரம்தான்.

ஏ, பி பிரிவுகள் பொருந்தாதபோது ஏன் இவ்வளவு தூரம் போவதில்லை என்று கேட்கலாம். தாய் ‘ஓ’, குழந்தை ‘ஏ’ அல்லது ‘பி’ என்றால் காமாலை வரக்கூடும், முதல் குழந்தைக்கே வரக்கூடும். ஆனால் அந்த எதிர்ப்பொருட்களில் பெரும்பகுதி நஞ்சைத் தாண்டாத வகை. தாண்டுபவையும் ஏ, பி பொருட்கள் உடலின் மற்றத் திசுக்களிலும் இருப்பதால் சிதறிப்போகின்றன. பெரும்பாலும் நீல ஒளி விளக்கின்கீழ் வைத்தாலே சரியாகிவிடும்.

காரணம் தெரிந்ததும் சிகிச்சைகள் வந்தன. 1945-இல் கேம்பிரிட்ஜில் ராபின் கூம்ஸும் சகாக்களும் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருளைக் காட்டிக்கொடுக்கும் சோதனையை உருவாக்கினார்கள். இன்றும் நம் கர்ப்பிணிகளின் சீட்டில் ‘ஐசிடி’ என்று மருத்துவர் எழுதுவது அந்தக் கூம்ஸ் சோதனையைத்தான். 1940-களின் பிற்பகுதியில் லூயிஸ் டயமண்ட், தொப்புள் நாளம் வழியாக மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தி, குழந்தையின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு நெகட்டிவ் ரத்தத்தை ஏற்றும் முறையைப் பரப்பினார். பிறந்த குழந்தைகள் பிழைத்தன. பிறக்கும்முன்பே இறந்துகொண்டிருந்தவற்றுக்கு என்ன செய்வது?

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் வில்லியம் லைலி பனிக்குடநீரை ஊசியால் எடுத்து, அதில் எவ்வளவு மஞ்சள் நிறமி இருக்கிறது என்பதைக்கொண்டு நோயின் தீவிரத்தைக் கணித்துவந்தார். அப்படி எடுக்கும்போது ஊசி தவறிக் குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடுவதுண்டு. தவறிப் போக முடியுமென்றால் வேண்டுமென்றே போகவும் முடியுமே என்று அவர் யோசித்தார். ஸ்கேன் இல்லாத காலம். பனிக்குடநீரில் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைக் கலந்துவிட்டால் குழந்தை அதை விழுங்கும். அதன் குடல் படத்தில் தெரியும். அதைக் குறியாக வைத்து ஊசியை இறக்கலாம். வயிற்றறைக்குள் விட்ட சிவப்பணுக்களை உடல் மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். முதல் சில முயற்சிகள் பலிக்கவில்லை. 1963-இல் பலித்தது. பிறக்காத ஒரு மனிதருக்கு மருத்துவம் பார்க்கும் துறையே அன்றுதான் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை. இன்று ஸ்கேன் திரையைப் பார்த்தபடி தொப்புள்கொடியின் நாளத்திலேயே ரத்தம் ஏற்றுகிறார்கள். குழந்தையின் மூளை ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளரில் அளந்தே ரத்தசோகையைக் கண்டுகொள்கிறார்கள். சோகை முற்ற முற்ற ரத்தம் நீர்த்து வேகமாக ஓடும்.

ஆனாலும் இவையெல்லாம் தீப்பிடித்தபின் அணைக்கும் வேலை. தீயே பிடிக்காமல் செய்யும் வழி, பட்டாம்பூச்சி வளர்த்த ஒருவரிடமிருந்து வந்தது.

லிவர்பூல் மருத்துவர் சிரில் கிளார்க்குக்கு ஓய்வு நேரத்தில் பட்டாம்பூச்சிகளைக் கலப்பினம் செய்வதில் பேரார்வம். மரபியலாளர் ஃபிலிப் ஷெப்பர்டுடன் சேர்ந்து, சில பட்டாம்பூச்சிகளின் சிறகுக் கோலங்கள் எப்படி அருகருகே அமைந்த மரபணுக் கூட்டத்தால் ஒன்றாகக் கடத்தப்படுகின்றன என்று ஆராய்ந்தார். மனிதனில் இதற்கு இணையாக அவர்களுக்குத் தோன்றியது ஆர்எச் மரபணுக்கள். அப்படியே ரத்தத்துக்குள் வந்தார்கள். ரத்தத்தில் ஒரு பழைய புதிர் இருந்தது. தாய்க்கும் குழந்தைக்கும் ஏ, பி பிரிவும் பொருந்தாமல் இருந்தால், ஆர்எச் சிக்கல் வருவது குறைகிறது என்பதை 1943-லேயே லெவின் கவனித்திருந்தார். இரண்டு பொருத்தமின்மை சேர்ந்தால் ஆபத்து கூடத்தானே வேண்டும்?

கிளார்க்கின் இளம் சகா ரொனால்டு ஃபின் விடையை நுண்ணோக்கியில் கண்டார். தாயின் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி அமிலத்தில் நனைத்தால், பெரியவர்களின் சிவப்பணுக்களிலிருந்து ஹீமோகுளோபின் கரைந்து வெறும் கூடாக வெளுத்துவிடும். கருவின் ஹீமோகுளோபின் அமிலத்துக்கு அசையாது. வெளிறிய கூட்டத்தின் நடுவே குழந்தையின் அணுக்கள் அடர்சிவப்பாகத் தனித்துத் தெரியும், எண்ணிவிடலாம். ஏ, பி பொருந்திய தாய்மாரிடம் அவை இருந்தன. பொருந்தாதவர்களிடம் காணவில்லை. அங்கே தாயிடம் முன்பே இருக்கும் ஆன்டி-ஏ, ஆன்டி-பி, வந்த அணுக்களை டி-யைக் காட்டுமுன் அழித்துவிடுகின்றன! அப்படியானால் பிரசவம் முடிந்த கையோடு, குழந்தையின் அணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருளை நாமே தாய்க்குக் கொடுத்தால் என்ன? 1960-இல் ஃபின் இதை முன்வைத்தார். எந்த எதிர்ப்பொருளைக் கொடுப்பது என்ற யோசனையில் இருந்த கிளார்க்கை, அவர் மனைவி ஒருநாள் நள்ளிரவில் எழுப்பி, ஆன்டி-ஆர்எச் கொடுங்கள் என்றாராம். எது உருவாகக் கூடாது என்று பாடுபடுகிறோமோ அதையே கொடுப்பதா என்று கிளார்க்குக்கு எரிச்சல் வந்தது. விடிந்ததும் அதுதான் சரியென்று பட்டது.

முதல் சோதனை நேர்மாறாகப் போயிற்று. ஆண் தன்னார்வலர்களுக்குப் பாசிட்டிவ் அணுக்களோடு ஐஜிஎம் வகை எதிர்ப்பொருளைக் கொடுத்தபோது எதிர்ப்பு கூடியது. ஐஜிஜி வகைக்கு மாறியதும் அடங்கியது. அதே நேரத்தில் நியூயார்க்கில் வின்சென்ட் ஃப்ரீடா, ஜான் கோர்மன், வில்லியம் பொலாக் மூவரும் தனித்தே இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் சோதித்தது சிங் சிங் சிறைக் கைதிகளிடம். இன்றைய அறநெறி அதை இலகுவில் அனுமதிக்காது. கைதிகளைச் சந்திக்கக் கிடைத்த இடைவெளி மூன்று நாள். அந்த மூன்று நாள்தான் இன்று உலகமெங்கும் மருத்துவர்கள் சொல்லும் 72 மணி நேரக் கெடு. 1964 ஜனவரியில் கோர்மனின் சகோதரரின் மனைவி, இங்கிலாந்தில், பிரசவத்துக்குப்பின் இந்த ஊசியைப் பெற்றார். 1968-இல் அமெரிக்கா அதை மருந்தாக அங்கீகரித்தது. டாரோவின் கட்டுரைக்கும் இதற்கும் இடையில் சரியாக முப்பது ஆண்டுகள்.

இந்த மருந்தை இன்றும் பெரும்பாலும் மனித ரத்தத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். தொடக்கத்தில் கொடுத்தவர்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்த அதே தாய்மார்கள். அவர்கள் ரத்தத்தில்தான் ஆன்டி-டி நிறைய இருந்தது. பின்னர் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 14 வயதில் பெரிய அறுவை சிகிச்சையின்போது பலருடைய ரத்தத்தால் பிழைத்தவர். 18 வயதில் கொடுக்கத் தொடங்கி, 2018-இல் 81 வயதில் வயது வரம்பு தடுக்கும்வரை 1,173 முறை கொடுத்தார். ஊசியைப் பார்த்தால் அவருக்குப் பயம். முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை நீட்டுவார். அவர் மகளுக்கே இந்த மருந்து தேவைப்பட்டது. 2025-இல் மறைந்தார்.

இத்தனை பேரின் உழைப்பில் வந்த ஊசி செய்யும் வேலையைப் பாருங்கள். தடுப்பு எதுவும் இல்லாத காலத்தில், ஆபத்துக்கு இலக்கான தாய்மாரில் நூற்றுக்குச் சுமார் 16 பேருக்கு எதிர்ப்பொருள் உருவானது. பிரசவத்துக்குப்பின் ஓர் ஊசி அதை ஒன்று அல்லது இரண்டாகக் குறைத்தது. 28-ஆவது வாரத்திலும் ஒன்று போட்டால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு. வழக்கமான 300 மைக்ரோகிராம், 30 மில்லிலிட்டர் வரையிலான குழந்தை ரத்தத்தைச் சமாளிக்கும். உடலுக்குள் அது துல்லியமாக எப்படி வேலை செய்கிறது என்பது அறிவியலுக்கு இன்னும் முழுமையாக விளங்கவில்லை. வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்த ஊசியால் பயனடைவது ஊசி போடும்போது பக்கத்துத் தொட்டிலில் கிடக்கும் குழந்தை அல்ல. இன்னும் கருவிலேயே வராத குழந்தை. அதனால்தான் இது தவறிப்போகிறது. பிறந்த பிள்ளை நலமாக இருக்கிறது, எதற்கு இவ்வளவு விலையில் ஓர் ஊசி என்று வீட்டில் கேட்பார்கள். கருச்சிதைவு ஆனவளிடமோ அடுத்த குழந்தையைப் பற்றிப் பேசவே யாருக்கும் வாய் வராது. ஆனால் சிதைவிலும், கலைப்பிலும், கருக்குழாய்க் கர்ப்பத்திலும், வயிற்றில் பலமாக அடிபட்டாலும் குழந்தையின் ரத்தம் தாயிடம் போகலாம். எந்த மருத்துவமனையிலும் முதல் பிரசவம் என்று எழுதிக்கொண்டு வரும் பெண், மூன்று ஆண்டுக்கு முன் யாருக்கும் சொல்லாமல் கடந்த ஒரு சிதைவில் ஏற்கெனவே எதிர்ப்பொருள் பெற்றவளாக இருக்கக்கூடும். எதிர்ப்பொருள் உருவாகிவிட்டபின் இந்த ஊசியால் பயனில்லை. கர்ப்பத்தைக் கண்ணும் கருத்துமாகக் கண்காணிக்க வேண்டியதுதான்.

நெகட்டிவ் குரூப் பெண் என்றதும் சம்பந்தம் பேசத் தயங்குகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. அந்தத் தயக்கத்துக்கு 1968-க்குப்பின் அறிவியலில் ஓர் ஆதாரமும் கிடையாது.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி நெகட்டிவ் என்று தெரிந்தால் முதல் வருகையிலேயே கணவரின் ரத்தப் பிரிவையும் பாருங்கள். ஐசிடி எடுக்கச் சொல்லுங்கள். முந்தைய சிதைவு, கலைப்பு, ரத்தம் ஏற்றியது எதையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். 28-ஆவது வார ஊசியைத் தவறவிடாதீர்கள். பிரசவம் ஆனதும் குழந்தையின் பிரிவு என்ன என்று நீங்களே கேளுங்கள். பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். இடையில் ரத்தக்கசிவோ அடிபடுவதோ நேர்ந்தால் அன்றே போங்கள். 12 வாரத்துக்கு முந்தைய சிதைவுக்கு ஊசி தேவையா என்பதில் நாடுகளின் வழிகாட்டுதல்கள் வேறுபடுகின்றன. அதை மருத்துவர் முடிவு செய்யட்டும், ஆனால் அவரிடம் போய்க் கேட்பது உங்கள் பொறுப்பு. 72 மணி நேரம் தாண்டிவிட்டதென்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பத்து நாள் வரைக்கும்கூட இந்த ஊசி ஓரளவு பலன் தரும்.